பதினாறே நாள்!

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னாரு, "வெள்ளைக்காரன் போனான், சிறைக் கொடுமையும் போச்சு"ன்னு. நான் சேலத்துக்காரனுங்க, ஒரு கணக்குச் சொல்றேன்.

அரசியல் கைதிகளை அரசியல் கைதிகளாக நடத்தச் சொல்லி, 1929-இல் லாகூர் சிறையில் 63 நாள் பட்டினி கிடந்து உயிர்விட்டார் ஜதீன் தாஸ். நாடே அழுதது.

1950 ஜனவரி 26-இல் குடியரசானோம். பதினாறே நாள்! பிப்ரவரி 11-இல் எங்க சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் பலி. பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அதுக்கு எத்தனை பேர் அழுதோம்?

கொள்கை பிடிக்கலைன்னா வாதாடலாம். பூட்டின கதவுக்குள்ளே சுடலாமா? கொடி மாறினா மட்டும் விடுதலை இல்லீங்க. கம்பிக்கு உள்ளே இருக்கிறவனையும் மனுஷனா நடத்தினாத்தான் விடுதலை!