வாக்குச்சீட்டில் போர் விமானம்: சுவிட்சர்லாந்தின் எழுபதாண்டுக் கணக்கு

அயல்நாட்டுப் போர் விமானங்களுக்குக் கொட்டப்படும் பணம் வரி கட்டுகிறவர்களுக்குப் பயன் தருகிறதா என்ற கேள்வியை வரி கட்டுகிறவர்களிடமே நேரில் கேட்ட நாடு சுவிட்சர்லாந்து. பிற நாடுகளில் இது அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் தணிக்கைத் துறைக்கும் இடையே முடிந்துவிடும் விவகாரம். சுவிட்சர்லாந்தில் 1993, 2014, 2020 என மூன்று முறை அது வாக்குச்சீட்டில் ஏறியது. மக்களிடம் கேட்ட பிறகாவது கணக்கு நேரானதா என்பதை 1950களிலிருந்து தொடர்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியில் வாங்கும் வழக்கம் ஒரு விபத்தை ஒட்டி வேரூன்றியது. கான்ஸ்டன்ஸ் ஏரிக் கரையில் உள்ள ஆல்டன்ரைன் தொழிற்சாலை, பி-16 என்ற சொந்தத் தாக்குதல் விமானத்தை வடிவமைத்தது. 1955இல் அது முதன்முதலாகப் பறந்தது. 1958 மார்ச்சில் 100 விமானங்கள் வாங்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த சில நாட்களிலேயே மாதிரி விமானம் ஒன்று ஏரியில் விழுந்தது. விமானி உயிர் தப்பினார், திட்டம் தப்பவில்லை. சில மாதங்களில் கொள்முதல் ரத்தாகி, இடத்தைப் பிரிட்டனின் ஹண்டர் பிடித்தது. பி-16இன் இறக்கை வடிவமைப்பு பின்னர் அமெரிக்காவின் லியர்ஜெட் 23க்கு அடித்தளமானது. பெரும் பணக்காரர்களின் சொகுசு விமானத்துக்குள் ஒரு நாட்டின் கைவிடப்பட்ட போர் விமானம் ஒளிந்திருப்பது விமான வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. ஹண்டர் ஏமாற்றவில்லை. 1994 வரை உழைத்தது.

ஏமாற்றம் மிராஜில் வந்தது. பிரான்சின் மிராஜ்-3 விமானங்கள் நூறை வாங்க 1961இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை 87.1 கோடி பிராங்க். 1964இல் அரசு மேலும் 57.6 கோடி கேட்டது. மூன்றே ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல்! எதற்கென்று பார்த்தால், வாங்க முடிவுசெய்த விமானத்தையே அவர்கள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு ரேடாருக்குப் பதிலாக அமெரிக்க ஹியூஸ் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகள். குட்டையான ஓடுபாதையிலிருந்து எழும்ப ராக்கெட் உந்துதல். மலைக்குகைக் கொட்டகைக்குள் கிரேனால் தூக்கி நகர்த்தத் தோதான பிடிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்டால் நியாயமான காரணம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது வேறு எந்த நாட்டிடமும் இல்லாத ஒரு மிராஜ் உருவாகி, அதற்கு வேறு எங்கும் இல்லாத விலையும் வந்தது.

நாடாளுமன்ற உறுப்பினர் குர்ட் ஃபுர்க்லர் தலைமையில் அமைந்த குழு அந்த ஆண்டே அறிக்கை தந்தது. இராணுவ அதிகாரிகள் நாடாளுமன்றத்துக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். விமானப்படைத் தளபதி எத்தியன் பிரிமோ பதவியிழந்தார். தலைமைத் தளபதி விலகினார். பாதுகாப்பு அமைச்சர் போல் ஷோதே 1966இல் பதவியை விட்டுப் போனார். நாடாளுமன்ற விசாரணைக் குழுக்களுக்கான சட்டம் அதே ஆண்டு வந்தது. நூறு என்றிருந்த எண்ணிக்கை 57 ஆனது. பின்னாளில் அப்படியே திரும்பி வரப்போகும் விதி இங்குதான் பிறந்தது: பணத்துக்கு வரம்பு கட்டினால் விலை இறங்காது, எண்ணிக்கைதான் இறங்கும்.

மிராஜ் சூடு ஆறப் பல ஆண்டுகள் ஆயின. 1972இல் அமெரிக்கக் கோர்சேரா பிரெஞ்சு மிலானா என்று நீண்ட ஆய்வுக்குப் பின் அரசு இரண்டையுமே ஒதுக்கியது. 1976இலும் 1981இலும் முடிவாகி வாங்கிய எஃப்-5 டைகர் விலை குறைந்த, எளிய விமானம். இரவிலும் மோசமான வானிலையிலும் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பது தெரிந்தே 110 வாங்கப்பட்டன.

பிறகு எஃப்/ஏ-18. 34 விமானங்கள், சுமார் 350 கோடி பிராங்க். இராணுவமே வேண்டாம் என்ற இயக்கத்துக்கு 1989 வாக்கெடுப்பில் 35.6 விழுக்காடு ஆதரவு கிடைத்திருந்த காலம் அது. அதே இயக்கம் போர் விமானக் கொள்முதலைத் தடுக்க ஒரு மாதத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஐந்து லட்சம் கையெழுத்து திரட்டியது. சட்டப்படி தேவை ஒரு லட்சம்தான். ஆயினும் 1993 ஜூன் 6 அன்று 57.2 விழுக்காட்டினர் தடையை நிராகரித்தனர், விமானம் வந்தது.

இருபது ஆண்டு கழித்து முடிவு தலைகீழானது. பழைய டைகர்களுக்கு மாற்றாக ஸ்வீடனின் கிரிப்பென் விமானங்கள் 22, விலை 312.6 கோடி பிராங்க். போட்டியிட்டவற்றில் மலிவானது என்பதால் தேர்வானது. தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்ற உள் அறிக்கை கசிந்ததால் சிக்கலானது. வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன், 2014 பிப்ரவரி 17 அதிகாலை, அடிஸ் அபாபாவிலிருந்து ரோமுக்குப் புறப்பட்ட எத்தியோப்பிய விமானத்தை அதன் துணை விமானியே கடத்திக்கொண்டு ஜெனீவாவில் இறக்கினார். வழித்துணையாக வந்தவை இத்தாலிய, பிரெஞ்சுப் போர் விமானங்கள். சுவிஸ் விமானப்படை வரவில்லை, காரணம் அலுவலக நேரம் தொடங்கவில்லை. காலை 8 மணி முதல் 12 வரை, பிற்பகல் 1:30 முதல் 5 வரை என்பதே அப்போதைய பணி நேரம். உலகமே சிரித்தது.

இச்சம்பவம் கிரிப்பெனுக்கு உதவும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மே 18 வாக்கெடுப்பில் 53.4 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். என் பார்வையில் அது விவரமான தீர்ப்பு. அன்று ஜெனீவா வானில் இல்லாமல் போனது விமானம் அல்ல. 32 எஃப்/ஏ-18கள் கொட்டகையில் இருந்தன. விமானிகளும் தரைப் பணியாளர்களும் அவர்களுக்கான சம்பளமும்தான் இல்லை. அதைச் சரிசெய்யப் புதிய விமானம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ஆட்களைப் படிப்படியாகச் சேர்த்து, 2020 முடிவுக்குள் இரண்டு எஃப்/ஏ-18கள் 24 மணி நேரமும் 15 நிமிடத்தில் எழும்பத் தயாராக நிற்கும் நிலை வந்தது. கொடுத்த பணத்துக்குப் பயன் எது என்று கேட்டால் இந்த எழுபதாண்டு வரலாற்றில் இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

2014இல் சூடுபட்ட அரசு, 2020 செப்டம்பர் 27 வாக்கெடுப்பில் கேள்வியையே மாற்றியது. எந்த விமானம் என்று சீட்டில் இல்லை. 600 கோடி பிராங்க் வரை செலவிடலாமா என்பது மட்டுமே கேள்வி. ஒப்பந்தத் தொகையில் 60 விழுக்காட்டுக்கு ஈடாக விற்பவர் சுவிஸ் நிறுவனங்களுக்கு வேலை தர வேண்டும். அதையும் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிப் பகுதிகளுக்கு 65, 30, 5 என்று பங்கிட வேண்டும் என்றுகூட எழுதியாயிற்று. வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்குத் தப்பி ஈழத்திலிருந்து போய்க் குடியுரிமை பெற்ற தமிழர் வீடுகளுக்கும் அந்த வாக்குச்சீட்டு உறை போயிருக்கும். ஆதரவுத் தரப்பு 50.1 விழுக்காட்டில் வென்றது, வித்தியாசம் வெறும் 8,670 வாக்குகள்.

2021 ஜூன் 30 அன்று அரசு அமெரிக்காவின் எஃப்-35ஏ விமானத்தைத் தேர்ந்தது. 36 விமானங்களுக்கு 506.8 கோடி பிராங்க். வாங்குவதும் முப்பது ஆண்டு ஓட்டுவதும் சேர்த்து 1,550 கோடி. இரண்டாம் இடத்தில் வந்ததைவிட 200 கோடி மிச்சம் என்றது. மொத்தத்தை அன்றைய மக்கள்தொகையான 87 லட்சத்தால் வகுத்தால் தலைக்குச் சுமார் 1,780 பிராங்க், ஆண்டுக்கு 60 பிராங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு பணக்கார நாட்டுக்கு இது பெரிய சுமை ஆகாது. கவனிக்க வேண்டியது வேறு. மக்கள் வாக்களித்தது 600 கோடிக்கு. மீதிச் செலவு ஆண்டுதோறும் இராணுவ பட்ஜெட்டில் ஓசையின்றி வரும், அதற்கு வாக்கெடுப்பு கிடையாது. மிச்சம் என்று சொன்ன 200 கோடியின் பின்னாலும் ஓர் அனுமானம் இருந்தது: எஃப்-35 விமானிகளுக்கு மற்ற விமானங்களைவிட 20 விழுக்காடு குறைவான பறக்கும் நேரம் போதும், மீதியைப் பாவனைக் கருவியில் பயிலலாம். குறைவாகப் பறந்தால் மலிவு என்பது எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

எதிர்ப்பாளர்கள் மறுபடி ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து திரட்டி 2022 ஆகஸ்டில் ஒப்படைத்தார்கள். அரசு வாக்கெடுப்புக்குக் காத்திருக்காமல் செப்டம்பரிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அமெரிக்கா தந்த விலைச்சீட்டுக்கு 2023 மார்ச் வரைதான் ஆயுள் என்பது அது சொன்ன காரணம். ஒப்பந்தம் முடிந்த பிறகு கையெழுத்துக்கு ஏது மதிப்பு? கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

அதே கோடையில் கூட்டாட்சித் தணிக்கை அலுவலகம், விலை நிலையானது என்பதற்குச் சட்ட உறுதி போதாது என்று எழுதியிருந்தது. சட்ட நிறுவனங்களின் கருத்தைக் காட்டி, விலை நிலையானதுதான் என்று பாதுகாப்புத் துறை சாதித்தது. விமானத்தை விற்பது லாக்ஹீட் மார்ட்டின் நேரடியாக அல்ல. அமெரிக்க அரசு அதனிடம் வாங்கி, தனக்கு ஆகும் விலையிலேயே அயல்நாட்டுக்குக் கைமாற்றுகிறது. தனக்குக் கூடினால் வாங்குகிறவருக்கும் கூடும் என்பதே இந்த ஏற்பாட்டின் இயல்பு. 2025 ஜூனில் அது வெளிப்பட்டது. நிலையான விலை என்பது சுவிஸ் தரப்பின் தவறான புரிதல் என்றது வாஷிங்டன். கூடுதல் 65 கோடி முதல் 130 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சுவிஸ் அரசு தன் மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகஸ்டில் சுவிஸ் பொருட்கள் மீது 39 விழுக்காடு அமெரிக்கச் சுங்க வரியும் விழ, பேரம் பேசும் தெம்பும் போனது.

2025 டிசம்பரில் அரசு எடுத்த முடிவு, 600 கோடி வரம்புக்குள் எத்தனை கிடைக்குமோ அத்தனை என்பது. 36 கிடைக்காது, முப்பதை ஒட்டி நிற்கும் என்பது மதிப்பீடு. அந்த 600 கோடியும் 2018 ஜனவரி விலைவாசியில் சொன்ன தொகை. பணவீக்கத்தைச் சேர்த்துக் கூடுதலாகக் கேட்க 2020 தீர்மானத்திலேயே இடம் இருக்கிறது.