யார் கையிலிருந்து வாங்கிய கதை?

வந்தியத்தேவனா, ஹாரி பாட்டரா? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலை வைத்தே, சொன்னவருக்கு என்ன வயது, எந்த மொழியில் படித்தார், எங்கே வளர்ந்தார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்த ஊரில் அந்த ரசனைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வரலாறு இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ரஜூலா போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது இங்கே தமிழிலேயே கணக்கும் பூகோளமும் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் ஒரு பாடம் அல்ல, படிக்கிற மொழி. அது வரலாற்று நாவல்தானே, மாயக் கதைகளோடு ஏன் சேர்க்கிறாய் என்று சிலர் முறைப்பார்கள். வால்நட்சத்திரம், நிலவறை, மந்திரவாதி ரவிதாசன், எந்தப் பக்கம் என்றே பிடிபடாத நந்தினி என எல்லாம் இருக்கிறதே! பிள்ளைகளுக்குக் குந்தவை, வானதி, அருள்மொழி என்று பெயர் வைக்கிற விசுவாசத்தை எந்த ஸ்டார் வார்ஸ் ரசிகரோடும் தாராளமாக ஒப்பிடலாம்.

அந்தத் தலைமுறைக்கு அறிவியல் புனைவும் தெரியாததல்ல. 1963-இல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் இசை கற்றுக்கொள்வதற்காக பானுமதியைத் தூக்கிப் போவார்கள். எம்.ஜி.ஆர் அந்தக் கிரகத்துக்கே போய்விடுவார். ஸ்டார் வார்ஸ் வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு! இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். பத்து வயதில் பார்த்தவருக்கு வராது.

பிறகு கதவு சாத்தப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ் வழி உயர்நிலைப்பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. இதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் என்றால் கட்டுரை, பழமொழி, வாய்மொழித் தேர்வு, நல்லொழுக்கக் கதை. கனவு காண்பதற்கு நூலகத்தின் ஆங்கில அடுக்குதான். முதல் ஹாரி பாட்டர் 1997-இல் வந்தபோது பதினொரு வயதாக இருந்தவர் ஹாரியோடு சேர்ந்தே வளர்ந்தார். 2007-இல் கடைசிப் புத்தகத்தை மூடும்போது அவருக்கு இருபத்தொன்று. அந்த வயதில் ஒட்டிக்கொண்ட ஒன்றைப் பிய்த்து எடுக்க முடியுமா என்ன?

ஸ்டார் வார்ஸ்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை இருந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனமே சிங்கப்பூருக்கு வந்து, படத்தில் வரும் ராட்சத வண்டியின் வடிவில் 'சாண்ட்கிராலர்' என்ற கட்டடத்தை எழுப்பியது. 2023-இல் அங்கிருந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

சீனர்களுக்கும் இதே ஆங்கிலப் பள்ளிதான். ஆனால் அவர்களுடைய வாள்வீரர் கதைகள் அறுந்துபோகவில்லை. ஜின் யோங் 1967-இல் சிங்கப்பூரில் 'ஷின் மின்' நாளிதழைத் தொடங்கிய கூட்டாளிகளில் ஒருவர். அவருடைய 'காண்டோர் வீரர்கள்' கதையை உள்ளூர்த் தொலைக்காட்சி 1998-இல் தொடராக எடுத்தது. ஹாங்காங்கிலும் சீனாவிலும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தாத்தாவுக்கு நாளிதழ், அப்பாவுக்கு வீடியோ கேசட், பேரனுக்கு இன்னொரு தொடர். நம் பக்கம்? பொன்னியின் செல்வனைப் படமாக்க 1958-இல் எம்.ஜி.ஆர் முயன்றார், நடக்கவில்லை. திரைக்கு வந்தது 2022-இல். நடுவில் ஒரு தலைமுறை பத்து வயதைத் தாண்டிப் போய்விட்டது.

வயதைவிட வளர்ப்புக்கே அதிகப் பங்கு என்று நான் நினைப்பதற்குக் காரணம், தேக்காவில் ஞாயிறு மாலை பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இரண்டு நாற்பத்தைந்து வயதுக்காரர்கள். ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், மற்றவர் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். வயது ஒன்று, கதைகள் வேறு. வந்தவரிடம் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், அம்புலிமாமா, விகடனில் வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எல்லாம் இருக்கும். ஜீனோ என்று சொன்னாலே முகம் மலர்ந்துவிடும். இங்கே வளர்ந்தவருக்கு அது எந்த நாய் என்று விளக்க வேண்டும். இரும்புக்கை மாயாவி அசலில் ஆங்கிலேயர்களின் கதாபாத்திரம். ஆனால் 1972 முதல் சிவகாசி அச்சில் தமிழ் பேசியதால், படித்த பையன்களுக்கு அவர் நம்ம ஆள். கதை எந்த நாட்டுச் சரக்கு என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை. யார் கொடுத்தார்கள், எந்த மொழியில் கொடுத்தார்கள் என்பதுதான் தங்கிவிடுகிறது.

2020 கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் அது 3.3. இதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பட்டிமன்றம், இன்னும் நாலு மாறுவேடப் போட்டி என்று கிளம்புவது நம் வழக்கம். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கும் எதன்மீதும் பிள்ளைகளுக்கு வெறி வந்து நான் பார்த்ததில்லை. போர்வைக்குள் டார்ச் அடித்துத் தமிழில் படிக்க ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று என்ன இருக்கிறது? சிங்கப்பூரில் வாழும் நண்பர்கள் 2018-இல் தொடங்கிய 'அரூ' இதழ் தமிழில் கனவுருப்புனைவுக்கு ஓர் இடம் பிடித்துத் தந்தது, அறிவியல் சிறுகதைப் போட்டியும் நடத்தியது. ஆனால் அதன் வாசகர்கள் ஏற்கெனவே தமிழில் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள்.

பொன்னியின் செல்வன் படம் வந்தபோது பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாவலில் இது இப்படி இல்லை என்று பாட்டிகள் முணுமுணுத்தார்கள். பேத்திகளில் சிலருக்கு நாவலைப் படிக்கும் ஆசை வந்தது. நல்லவேளையாக அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஐந்து பாகமும் கிடைக்கிறது. அவர்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.