மாளிகைமேட்டுப் பீங்கான்

எங்க ஊர் விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை. அதனால்தானோ என்னவோ, கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டு அகழாய்வில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சீனப் பீங்கான் சில்லுகள். செலடான் என்கிற இளம்பச்சைப் பாத்திரம். மெருகில் உள்ள இரும்பு, 1200 டிகிரிக்கு மேல், காற்று குறைந்த சூளையில் வெந்தால்தான் அந்த நிறம் வரும். காற்று கூடினால் பழுப்பாகிவிடும். சூளை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்க, எவ்வளவு கஷ்டம் என்று சொல்வார்கள்.

இது எப்படி இங்கே வந்தது? ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் தலைநகரைத் தஞ்சையிலிருந்து இங்கே மாற்றினான். 1033-லும் 1077-லும் சோழத் தூதுக்குழுக்கள் சீனா போயிருக்கின்றன. 1279 வரை, சுமார் 250 வருஷம், இதுதான் தலைநகர்.

அந்த நகரம் எங்கே போச்சு? பாண்டியர்கள் அழித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. அரண்மனை செங்கல்லும் மரமும். அகழாய்வில் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் நிறைய வந்தன. சுவர்களில் அடித்தளம்தான் மிச்சம். கோயில் கருங்கல், அதனால் நின்றது. ஆனால் அதன் மதிலும் தப்பவில்லை. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது மதில் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். செய்தது படையெடுத்து வந்தவர்கள் இல்லை, பொதுப்பணி இன்ஜினியர்கள். (நானும் இன்ஜினியர்தான், கோபிக்க வேண்டாம்.)

பார்த்தியர்களின் தலைநகரான டெசிஃபோனிலும் கிட்டத்தட்ட இதே கதை. பாக்தாத் கட்டிய கலீபா அல்-மன்சூர் அங்கிருந்த அரண்மனையை இடித்துச் செங்கல் எடுக்கச் சொன்னாராம். இடித்துக் கொண்டுவரும் கூலி புதுச் செங்கல் விலையைவிட அதிகமானதும் நிறுத்திவிட்டார் என்று அரபு வரலாறு சொல்கிறது. அங்கே கணக்கு இடிபாட்டைக் கொஞ்சம் காப்பாற்றியது. இங்கே கொள்ளிடம் பக்கத்திலேயே இருந்தது, கணக்கு எதிராகப் போய்விட்டது.

நகரத்தின் மிச்சம் இப்போது ஊர்ப்பெயர்களில்தான் அதிகம்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. வரைபடத்தில் இவற்றைக் குறித்துக்கொண்டு நடுவில் கோயிலை வைத்துப் பாருங்க, நகரத்தின் பரப்பு ஓரளவு பிடிபடும். பெரும்பகுதி வயலும் வீடும். ஒவ்வொரு வீட்டு அஸ்திவாரமும் தெரியாமலே ஒரு அகழாய்வுதான். சில்லு வந்தால் யார் குறித்து வைக்கிறார்கள்?

கீழணை இன்னும் வேலை செய்கிறது. அங்கே பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்துத் தண்ணீர் 2004-லிருந்து சென்னைக்கு வருகிறது.