மண்புழுவுக்கு ஷாக் கொடுத்த கதை

தூண்டிலுக்குப் புழு வேணும்னா கோவில்பட்டி பக்கம் கண்மாய்க்கரையில ஈரம் பார்த்து மண்வெட்டியால கொத்துவாங்க. கோடையில கரிசல் வெடிச்சுக் கிடக்கும். புழு ஆழத்துக்குப் போயிடும்.

தோண்டாமலே புழுவை மேலே வரவைக்கிற யோசனை பழசு. தரை அதிர்ந்தா, புழு தின்கிற மோல் என்ற பிராணி துரத்துதுன்னு நினைச்சுப் புழு வெளியே ஓடிவரும்னு ஒரு பேச்சு உண்டு. 1881-ல வந்த மண்புழு புத்தகத்துலயே டார்வின் இதைக் குறிப்பிடுகிறார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புழு வியாபாரிகள் மரமுளையை அடிச்சு இறக்கி, மேலே இரும்பை உரசியே புழு பிடிக்கிறாங்க. 2008-ல கென்னத் கட்டானியா அங்கே ஆராய்ந்து, அந்தப் பேச்சு சரின்னு காட்டினார்.

வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் குறுக்குவழி பிறந்தது. ஈரமண்ணுல கம்பியைக் குத்தி கரண்ட் கொடுத்தா புழு நெளிஞ்சு வெளியே வரும். அமெரிக்காவில் இதுக்குன்னே கருவி வித்தாங்க. குழந்தைகள் உட்படப் பலர் ஷாக் அடித்து இறந்தார்கள். 1993-ல அப்படி ஒரு கருவி திரும்பப் பெறப்பட்டது. அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட். நமக்கு 230.

1944-ல பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அப்புறம் கிராமங்களுக்குக் கரண்ட் வர வர, கிணத்து மோட்டாரும் வந்தது. இன்னைக்கு வயர் வயக்காட்டு ஓரத்துலயே இருக்கு. அதனால இந்தக் குறுக்குவழியை வீடியோவில் பார்த்து யாரும் முயற்சி பண்ண வேணாம். கரிசல் களிமண், ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், கரண்டை நல்லாக் கடத்தும். கம்பியைத் தொடணும்னுகூட இல்லை. பக்கத்துல நின்னாலே, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்கிற வோல்ட் வித்தியாசம் ஆளைக் கொல்லலாம்.

மழை பெஞ்ச மறுநாள் மண்வெட்டியோட போங்க. புழு தானா மேலே இருக்கும்.