பன்னிரண்டு வாரங்களுக்கு எத்தனை நாள்கள்?

இந்தக் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து மலைத்தோட்டம் ஒன்றில் பணிபுரிந்த பெண் தொழிலாளி ஒருவருக்கு 1967ஆம் ஆண்டு இறுதியில் குழந்தை பிறந்தது. நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாள்களுக்கு மட்டும் மகப்பேற்றுத் தொகை கொடுத்தது. அவர் 84 நாள்களுக்குக் கேட்டார். வாரம் என்பது ஏழு நாள்களைக் கொண்டது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு நாள் கூலிக்காக ஏறத்தாழப் பத்தாண்டு வழக்கு!

ஒரு நிறுவனம் ஏன் இவ்வளவு தூரம் போராட வேண்டும்? அந்தத் தொகை முழுவதையும் அதுவே கொடுக்க வேண்டியிருந்தது என்பதே காரணம். வேலையை இழக்காமல் விடுப்பு எடுக்கும் உரிமையின் இந்திய வரலாற்றைப் படிக்கும்போது, ‘செலவை யார் ஏற்பது?’ என்ற கேள்வியே ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்ப்படுகிறது.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு இதற்கு விடையொன்றை வகுத்தது. அதன் மகப்பேற்று உடன்படிக்கை, விடுப்பில் இருக்கும் பெண்ணுக்குப் பணிநீக்க அறிவிப்புக் கொடுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. விடுப்புக்காலத் தொகை பொது நிதியிலிருந்தோ காப்பீட்டு முறையிலிருந்தோ வர வேண்டும் என்றது. அதாவது, பணிப் பாதுகாப்பு முதலாளியின் கடமை. பணம் சமூகத்தின் பொறுப்பு. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. 1924இல் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் இதே பொருள் விவாதத்துக்கு வந்தது. மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பதால் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும், பெண்களின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி தன் பங்கிலிருந்து முற்றிலும் விலகிவிட முடியாது என்றும் வாதிட்டார். 1929இல் சட்டம் நிறைவேறியபோது முதலாளியின் பங்கே முழுப் பொறுப்பாகிவிட்டது. அரசின் பங்கு காணாமற்போனது. அடுத்து வந்த மாகாணச் சட்டங்களும், 1934ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் உட்பட, அவ்வழியையே பின்பற்றின.

விடுதலைக்குப் பின் இரு பாதைகள் திறந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.) காப்பீட்டு வழியைத் தேர்ந்தது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் பங்களிப்பிலிருந்து நோய்க்காலத்துக்கும் மகப்பேற்றுக்கும் தொகை வழங்க அது வகைசெய்தது. அக்காலத்தில் பணிநீக்கம் செய்யவும் தடை இருந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமோ பழைய வழியிலேயே சென்றது. அதன் 12ஆம் பிரிவு, விடுப்பில் இருக்கும் பெண்ணைப் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. கருச்சிதைவுக்கு 6 வாரம், கருவுற்றதால் நேரும் நோய்க்கு மேலும் ஒரு மாதம், 1995 திருத்தத்தின்படி கருத்தடை அறுவைக்கு 2 வாரம் என விடுப்பின் வகைகள் பெருகின. 2017இல் முதலிரு குழந்தைகளுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. உரிமை விரிந்தது, செலவுச்சீட்டு மட்டும் முதலாளியின் மேசையிலேயே இருக்கிறது.

இதன் விளைவை ஊகிப்பது கடினமன்று. வேலையில் இருக்கும் பெண்ணைக் காக்கும் சட்டம், அவரை வேலைக்கு எடுக்கவே தயங்குவதற்கு ஒரு காரணத்தையும் முதலாளிக்குக் கொடுத்துவிடுகிறது. எடுத்தாலும், ‘நிரந்தர ஊழியர் அல்லர்’ என்ற ஏற்பாட்டில் எடுக்கும் நாட்டம் வளர்கிறது. தில்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பதிவேட்டில் இருந்த பெண்களுக்கும் மகப்பேற்று உரிமை உண்டு என்று 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளம் தோண்டியும் சாலை அமைத்தும் வந்த அப்பெண்களுக்கு உரிமையை மறுத்தது தனியார் நிறுவனமன்று, ஓர் உள்ளாட்சி அமைப்பு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் மகப்பேற்றுப் பயன் தொடரும் என்பதை 2023இல் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கு நிலைநாட்டியது.

இன்னொரு வெற்றிடமும் உண்டு. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு இருக்கிறது. தனியார் துறையில் அதைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இல்லை. குழந்தை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று சட்டமே எழுதி வைத்திருக்கும்போது, அவரை வேலைக்கு எடுப்பதும் ‘கூடுதல் செலவு’ என்றே கணக்கிடப்படும்.

ஆய்வு மாணவியருக்கு 240 நாள் வரையிலான விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகள் தந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆய்வு முடித்து வெளியே செல்லும் நம்மிற் பலருக்குக் காத்திருப்பவை ஓராண்டு ஒப்பந்தங்களும் விருந்தினர் விரிவுரையாளர் பணிகளுமே. விடுப்பு முடிந்து திரும்பும்போது அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கேள்விக்கு 12ஆம் பிரிவில் விடை இருக்கவில்லை.

விடுப்பின் வாரங்களைக் கூட்டுவது எளிது. அவற்றின் செலவைப் பகிர்வதே கடினம். 1928இல் பம்பாயில் எழுந்த வாதத்தின் முதற்பாதியை, அதாவது அரசின் பங்கை, நாம் இன்னும் சட்டமாக்கவில்லை.