ஆனையிறவு வாயிலும் வர்க்கம் கடந்த பிள்ளைமை நட்பும்

ஆனையிறவு என்னும் இடப்பெயருள் ஒரு வரலாறு பொதிந்து கிடக்கின்றது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழங்குறைந்த கடனீரேரியினூடாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வழி இதுவே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னிமைகள் திறையாக அளித்த யானைகள் இவ்வழியே சென்று ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. ஒல்லாந்தர் இங்கு சிறு கோட்டையமைத்துக் காவல் வைத்தனர். 1905 இல் காங்கேசன்துறைவரை நிறைவெய்திய புகைவண்டிப் பாதையும் இவ்வொடுங்கிய நிலத்தின் மீதே சென்றது. வன்னிப் பெருநிலத்துக்கும் குடாநாட்டுக்கும் இடையில் வாயிலாக விளங்கிய ஆனையிறவு, கடப்பவர் யார், தடுக்கப்படுபவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் இடமாகவும் இருந்து வந்துள்ளது.

போர்க்கால நாவல்கள் சிலவற்றில் வர்க்கம் கடந்த சிறுவர் நட்பு பேசப்படுகின்றது. போர் மனிதரைச் சமமாக்கிற்று என்பதற்கு அந்நட்பைச் சான்றாகக் கொள்வாரும் உளர். ஆனையிறவின் வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து இக்கருத்துத் திருத்தம் பெறவேண்டியதாகின்றது. வெவ்வேறு வர்க்கத்துப் பிள்ளைகளைப் போர் ஒரே வாங்கில் இருத்தியது. ஆயின் அவ்வாங்கிலிருந்து எழுந்து செல்வதற்கான வழியை அது சமமாகப் பங்கிடவில்லை.

போருக்கு முற்பட்ட வன்னியின் சமூக அமைப்பை முதலில் நோக்குதல் தகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதைத் தொடர்ந்து குடாநாட்டிலிருந்து குடியேற்றவாசிகள் வந்தனர். காணியற்றோரும் வந்தனர், வசதி படைத்தோரும் வந்தனர். பின்னர் 1977 இனக்கலவரத்தாற் பாதிக்கப்பட்ட மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிற் குடியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் பிறர் வயல்களிற் கூலிகளாயினர். பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973), செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) ஆகிய நாவல்கள் போருக்கு முந்திய வன்னி வாழ்வைப் பதிவு செய்தவை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்கும் பள்ளி வாசலைத் திறந்தது. எனினும் வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை ஆனையிறவுக்கு அப்பாலிருந்த யாழ்ப்பாணக் கல்லூரிகளுக்கு அனுப்ப விரும்பினர். கூலிக்காரரின் பிள்ளைகள் ஊர்ப் பள்ளியோடு நின்றனர்.

1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதும் இந்நிலை மாறிற்று. யாழ்தேவி நின்றது. ஆனையிறவு இராணுவ முகாம் பாதையை அடைத்து நின்றமையால் மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். கடற்படையின் தாக்குதல்களில் வழியிலே பலர் மாண்டனர். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் முதலியன அரும்பொருள்களாயின. மருத்துவரின் மகளும் கூலிக்காரரின் மகனும் ஜாம் போத்தலில் எரிந்த சிறு திரியின் ஒளியிலேயே படிக்க நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, அவர்களுட் பெருந்தொகையினர் கிளாலி வழியாக வன்னியை அடைந்தனர். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டுப் பிள்ளைகள் வன்னியின் கொட்டில்களிற் குடியிருக்கலாயினர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபின் அந்நகர மக்களும் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கங்களுக்குப் பெயர்ந்தனர். மரநிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் நடந்த பள்ளிகளில் முன்னர் ஒருவரையொருவர் கண்டிராத பிள்ளைகள் பக்கத்திற் பக்கமாக அமர்ந்தனர். சமாதான காலத்தில் அரிதாகவிருந்த இந்நட்புக்கு இடப்பெயர்வு இடமளித்தது எனலாம்.

எனினும் இச்சமத்துவத்தின் எல்லை விரைவிலே புலனாயிற்று. வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு உண்டியல் மூலம் பணம் வந்தது. ஏனையோருக்கு நிவாரண அரிசியே கதியாயிற்று. வன்னியை விட்டு வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதிச் சீட்டும் பிணை நிற்க ஆளும் வேண்டியிருந்தன. வவுனியாவிற் படையினரின் அனுமதியும் வேண்டியிருந்தது. பணமும் தொடர்புகளும் உடையோருக்கு இவ்வாயில்கள் ஓரளவு திறந்தன. 2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவு புலிகளின் கைக்கு வந்தது. 2002 இற் கைச்சாத்தான போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதியும் திறக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளே திறந்திருந்த அவ்வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அதற்கிடையிற் செல்லக்கூடியவர்கள் சென்றனர். எஞ்சியோரின் பிள்ளைகளே கட்டாய ஆட்சேர்ப்புக்கும், 2009 மே வரை நீடித்த இறுதிப்போருக்கும் முகங்கொடுத்தனர். ஒரே வாங்கில் இருந்த இருவருள் ஒருவர் கனடாவிலும் மற்றவர் முள்ளிவாய்க்காலிலும் இருக்க நேர்ந்தமைக்கு அவரவர் வீட்டுப் பொருள்நிலையும் ஒரு காரணமாயிற்று.

இவ்வுண்மையை வேறொரு நாட்டின் நாவலோடு ஒப்பிட்டு மேலும் விளங்கிக்கொள்ளலாம். ஆப்கானிய எழுத்தாளர் காலித் ஹொசெய்னி 2003 இல் வெளியிட்ட, காபூற் சிறுவரின் பட்டப்போட்டியைப் பற்றிய நாவல் உலகப் புகழ் பெற்றது. செல்வந்தரான பஷ்தூன் வணிகரின் மகன் அமீரும், வேலைக்காரரான ஹசாராவின் மகன் ஹசனும் ஒரே வளவில் வளர்கின்றனர். அமீர் கதை படிப்பான். எழுத்தறியாத ஹசன் கேட்பான். அமீரின் கோழைத்தனமான மௌனத்தாலும் வஞ்சகத்தாலும் அந்நட்பு சோவியத் படையெடுப்புக்கு முன்னரே முறிகின்றது. போர் வந்ததும் அமீர் தந்தையுடன் அமெரிக்கா சேர்கின்றான். ஹசன் பின்னர் தலிபான்களாற் கொல்லப்படுகின்றான். நட்பை முறித்தது போரன்று, வர்க்கமும் இனப்பெருமையும் பிள்ளை மனத்தில் ஊட்டிய மேட்டிமையே. ஆயின் அம்முறிவைச் சீர்செய்யும் வாய்ப்பைப் போர் பறித்துவிட்டது. இங்கு கவனிக்கத்தக்க இன்னொன்று, கதையைச் சொல்பவன் தப்பிச் சென்ற அமீர் என்பதாகும். ஹசனின் வாழ்வு அமீரின் குற்றவுணர்வு வழியாகவே வாசகரை அடைகின்றது.

வன்னியைப் பற்றிய நாவல்களையும் இக்கேள்வியோடு படித்தல் வேண்டும். சயந்தனின் 'ஆதிரை' (2015), மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேரூன்றிய குடும்பத்தையும் அயலவரையும் தலைமுறைகளினூடாகத் தொடர்கின்றது. புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒருவர் எஞ்சியோரின் கதையை எழுதியமை அதன் சிறப்பு. கிளிநொச்சியைச் சேர்ந்த தீபச்செல்வனின் 'நடுகல்' (2018), போரில் மாண்ட அண்ணனைப் பற்றிய தம்பியின் நினைவுகளை உள்ளிருந்து தருகின்றது. இவ்விருவகைக் குரல்களும் வரலாற்று மாணவருக்கு வேண்டியவை. ஆயினும் அரை ஏக்கர் குத்தகைக்காரரின் பிள்ளையோ, வயற்கூலியின் பிள்ளையோ தன் பள்ளித் தோழரைப் பற்றித் தானே எழுதிய நூல்கள் இன்னும் அரியனவே. நட்பின் கதையை இரு பக்கத்தாரும் சொல்லாதவரை அது அரைக்கதையாகவே நிற்கும்.

2009 ஜனவரி 9 இல் ஆனையிறவு மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. 2014 இற் புகைவண்டி மறுபடியும் அவ்வழி ஓடலாயிற்று. வெற்றிச் சின்னங்கள் வீதியோரத்தில் எழுந்துள்ளன. அவை படைகளின் வரலாற்றைக் கூறுவன. கொட்டிற் பள்ளியில் ஒரு விளக்கைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகளின் வரலாற்றுக்கு அங்கு கல்வெட்டு எதுவுமில்லை. அப்பிள்ளைகளுட் பலர் இன்று நாற்பது வயதையடைந்துள்ளனர். அவர்களின் வாய்மொழியைத் திரட்டுவது பல்கலைக்கழக மாணவரின் கைக்கெட்டிய பணியாகும். யார் சென்றார், யார் நின்றார், ஏன் என்னும் வினாக்களை அப்பணி மறவாதிருப்பின், ஆனையிறவின் வரலாறு போர்க்களத்தின் வரலாறாக மாத்திரம் சுருங்கிவிடாது.