கண்ணும் காவலும்

தமிழகத்திலிருந்து கப்பலேறிக் கிள்ளான் ஆற்றோரத்துத் தோட்டங்களில் குடியேறிய நம் முன்னோர்க்கு அதிகாரம் இரண்டு சொற்களின் வடிவில் எதிர்ப்பட்டது. ஒன்று ஊரிலிருந்து அவர்களோடு வந்த 'கங்காணி' என்பது. மற்றது இங்கே வந்தபின் மலாய்க்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட 'மாத்தா-மாத்தா' என்பது. முன்னது தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கும் உரிய அதிகாரியைக் குறித்தது. பின்னது தோட்டத்து எல்லையைத் தாண்டிப் பெருஞ்சாலையில் கால் வைத்ததும் தென்படும் போலீஸ்காரனைக் குறித்தது. இரண்டும் வெவ்வேறு மொழியில் பிறந்தவை. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையான பொருள் கண் என்பதே.

மலாய் மொழியில் 'மாத்தா' என்றால் கண். பகலின் கண்ணாகிய சூரியன் அங்கே 'மாத்தாஹாரி'. நீரின் கண்ணாகிய ஊற்று 'மாத்தா ஆயிர்'. அந்தச் சொல் இரட்டித்து 'மாத்தா-மாத்தா' என்றாகும்போது, பிறர் அறியாமல் பார்த்து வருபவன், அதாவது ஒற்றன், என்று பொருள்படும். இந்தோனேசியாவில் இன்றளவும் அப்பதத்துக்கு அதுவே அர்த்தம். ஒற்றனை அரசனுடைய கண்ணாகக் கருதும் மரபு நமக்கும் புதிதன்று; ஒற்றாடல் என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அந்தக் கருத்தோடுதான் தொடங்குகிறார். தீபகற்பத்து மலாய் நாடுகளில் மட்டும், ஆங்கில ரெசிடெண்டுகளின் ஆட்சி வேரூன்றிய காலத்தில், ஒற்றனைக் குறித்த இந்தச் சொல் சட்டை அணிந்து துப்பாக்கி ஏந்தி வெளிப்படையாக நின்ற கான்ஸ்டபிளுக்கு வழங்கலாயிற்று. ராஜாங்கத்தின் கண் என்று அவனை ஜனங்கள் கண்டுகொண்டதில் பிழையொன்றும் இல்லை.

அந்தக் கண் சிலாங்கூரில் திறந்த இடம் கிள்ளான். 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் சிலாங்கூருக்கு ரெசிடெண்ட் வந்தபோது, முன்பு பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்த ஹாரி சார்லஸ் சையர்ஸ் என்னும் இளைஞர் 1875-இல் போலீஸ் தலைமையை ஏற்றார். மலாக்காவிலிருந்து மலாய்க்காரர்களைத் திரட்டி, ஈயச் சுரங்கங்களின் சச்சரவும் கோஷ்டிச் சண்டையும் ஓயாத அந்தப் பிரதேசத்தில், ஆற்று முகத்துவாரங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் நிலையங்கள் வைத்து, ஒரு படையை அவர் உருவாக்கினார். 1880-இல் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியபோது படையும் உடன் மாறியது. ஆற்றின் மேற்கே மேட்டில் அதன் இருப்பிடம் அமைந்தது. மேட்டின் அடியிலிருந்த வெளி அதன் அணிவகுப்புத் திடலாயிற்று. அந்த வெளியே பிற்காலத்து டத்தாரான் மெர்டேக்கா. அந்த மேடே இன்று நாட்டின் போலீஸ் தலைமையகம் வீற்றிருக்கும் புக்கிட் அமான்.

நிலையத்துக்கு அன்று மலாய்க்காரர் இட்டு வழங்கிய பெயர் 'ரூமா பாசோங்'. ரூமா என்பது வீடு. பாசோங் என்பது குற்றவாளியின் கால்களை மாட்டி வைக்கும் தொழுமரம். தொழுமர வீடு என்ற இந்தப் பெயர் ஒன்றே, புகார் சொல்லப் போகும் இடமாக அல்லாமல் பிடித்து அடைக்கப்படும் இடமாகவே மக்கள் அதனை உணர்ந்தார்கள் என்பதற்குப் போதிய சாட்சியம். சிறைச்சாலைக்கு மலாயில் 'பெஞ்சாரா' என்று பெயர். அது சமஸ்கிருதப் 'பஞ்சரம்', நாம் கிளிக்கூண்டுக்குச் சொல்லும் அதே சொல். இரவுக் காவலாளியைக் குறிக்கும் 'ஜாகா'வும் விழித்திருத்தலைச் சொல்லும் வடமொழித் தாதுவிலிருந்து வந்ததே. கோலாலம்பூர் வங்கிகளின் வாசலில் கயிற்றுக் கட்டிலோடு காட்சி தந்த சீக்கியரை ஊரார் அப்பெயரால் அழைத்தனர்.

சீக்கியர் இந்நாட்டுக்கு வந்த வரலாறும் போலீசோடு பிணைந்ததே. 1873-இல் பேராக்கின் லாருட் பகுதியில் அமைதியை நிலைநாட்டவென்று காப்டன் ஸ்பீடி வட இந்தியாவிலிருந்து பட்டாணியரையும் பஞ்சாபியரையும் கொண்டுவந்தார். அந்தச் சிறு கூட்டம் பேராக் ஆயுதப் போலீசாகி, 1884-இல் முதலாம் பேராக் சீக்கியர் படையாகி, 1896-இல் கர்னல் வாக்கரின் கீழ் மலாய் நாட்டுக் கைட்ஸ் படையாகி, முதல் உலகப் போரில் ஏடன் வரையில் சென்று போரிட்டு, 1919-இல் கலைக்கப்பட்டது. போலீசாகப் பிறந்த ஒன்று ராணுவமாக முடிந்த இந்தச் சரித்திரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்காலத்துப் போலீசுக்கும் பட்டாளத்துக்கும் இடையிலிருந்த கோடு மிக மெல்லியது.

1896 ஜூலை முதல் நாள் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து மலாய்க் கூட்டு மாநிலங்கள் ஆகி, கோலாலம்பூர் அவற்றின் தலைநகரமானபோது, சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் தனித்தனியாக இருந்த படைகளும் ஒன்றாக்கப்பட்டன. முதல் கமிஷனர் சையர்ஸ். பதவியை அவர் நெடுங்காலம் வகிக்கக் கொடுத்து வைக்கவில்லை. மறு ஆண்டே பகாங் காட்டில் செலாடாங் என்னும் காட்டெருது முட்டி இறந்தார். அவர் விட்டுச்சென்ற அமைப்போ அரை நூற்றாண்டு நிலைத்தது. மேலே ஐரோப்பிய அதிகாரிகள். சாலைகளிலும் கிராமங்களிலும் மலாய்க் கான்ஸ்டபிள்கள். கருவூலம், சிறை, கலவரம் ஆகியவற்றுக்கு ஆயுதம் தரித்த சீக்கியப் பிரிவு. நகரத்தின் ரகசியச் சங்கங்களைத் துப்பறியச் சீனர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் குடியேற்றங்களுக்கும், ஜொகூர், கெடா முதலிய கூட்டில் சேராத நாடுகளுக்கும் வேறு வேறு படைகள் இருந்தன.

இந்த வரிசையில் தமிழனுக்கு உரிய இடம் சிறிது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளை நிறைத்தவர் பெரும்பாலும் கிராணி உத்தியோகம் பார்த்தனர். தோட்டத்துத் தமிழனோ போலீசால் பார்க்கப்படுபவனாகவே இருந்தான். ஒப்பந்தக் கூலி முறை நிலவிய வரையில் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம். ஓடியவனைத் தேடுவது மாத்தாவின் வேலை. 1910-இல் அம்முறை நின்றது. கங்காணியின் அதிகாரம் நிற்கவில்லை.

கங்காணி என்னும் பதத்துக்கு இப்படியொரு கதி நேர்ந்ததை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருப்பதற்கில்லை. 'கண்காணி' என்பதன் மரூஉ அது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்கள் முறையாக நடைபெறுகின்றனவா என்று பார்ப்பவரை 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி' என்ற தொடர் குறிக்கிறது. தருமம் அழியாமல் பார்த்துக்கொள்ளும் கௌரவமான பொறுப்பு அது. அதே கல்வெட்டுகளில், தருமத்தைப் 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று அடியார் கூட்டத்தின் காப்பில் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. பார்த்தலும் காத்தலும் அங்கே அருகருகே நின்றன. கிள்ளான் தோட்டத்தில் பார்த்தல் மட்டும் மிஞ்சியது.

காவல் என்பதற்கு நம் நாட்டில் எத்தகைய கனமிருந்தது என்பதை இவ்விடத்தில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஊரைக் காப்பதற்குக் குடிகள் கொடுத்த வரி 'பாடிகாவல்' என்று கல்வெட்டுகளில் வழங்குகிறது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பிற்காலத்தில் நடைபெற்ற காவல் முறையில், காவற்காரன் ஆண்டுதோறும் குடிகளிடம் தானியமோ பணமோ பெற்றான். அதற்கு ஈடாக, திருட்டுப்போன பொருளை மீட்டுத் தர வேண்டும், இயலாவிட்டால் அதன் பெறுமதியைத் தானே தர வேண்டும் என்ற கட்டுப்பாடும் அவன் மேல் இருந்தது. அம்முறையில் கொடுமைகள் மலிந்தன; துப்புக்கூலி என்று பணம் பிடுங்கித் திருடனோடு பங்கு போட்டவர்களும் உண்டு. இருந்தபோதிலும், காப்பவன் தன் கைக்கு வந்த பொருளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற தத்துவம் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. ஊர்க்காவல் உரிமைகளைக் கம்பெனியார் பறித்து, 1859-ஆம் வருஷத்துச் சென்னைப் போலீஸ் சட்டம் சம்பளப் போலீசை நிறுவியபோது, அந்தத் தத்துவம் வழக்கொழிந்தது.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம், கண்ணுக்கும் காவலுக்கும் உள்ள தூரத்தை எல்லோரும் காணச் செய்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழித்தல் என்பவை தொழிலாளர் கேட்டவற்றுள் சில. தமிழ் நேசன் பத்திரிகையோடு தொடர்புடையவரும் கிள்ளான் இந்தியர் சங்கத் தலைவர்களுள் ஒருவருமான ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார். பிறகு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாகி, போலீசுக்குத் துணையாக இந்தியத் துருப்புகளும் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். மனிதனாக நடத்தும்படி கேட்டவர்களுக்குத் துப்பாக்கியால் விடை சொன்ன அந்த நாட்களை நம்மவர் மறக்கலாகாது.

எட்டு மாதங்களில் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தனர். கூட்டு மாநிலப் போலீஸ் சிதறியது. போருக்குப் பின் 1946-இல் மலாயன் யூனியனோடு தீபகற்பம் முழுமைக்கும் ஒரே படை அமைந்தது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தில், 1952-இல் கமிஷனராக வந்த ஆர்தர் யங், போலீஸ் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டியது என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1958-இல் அரச பட்டமும், 1963-இல் சபா, சரவாக் படைகளின் இணைப்பும் வந்தன. மாத்தா-மாத்தா உத்தியோக வழக்கிலிருந்து விடைபெற்றது. ரூமா பாசோங் 'பாலாய் போலீஸ்' ஆனது. தமிழில் நாம் 'காவல் நிலையம்' என்று எழுதத் தொடங்கினோம்.

இந்தக் காவல் மலாய் மொழிக்கும் பண்டே சென்ற சொல். 'காவால்' என்று அங்கே வழங்கும். அடுக்குமாடி வாயிலில் நிற்பவன் 'பெங்காவால்'. ஆனால் 'காவாலான்' என்று நீளும்போது கட்டுப்பாடு என்ற பொருளே அதில் மேலோங்குகிறது. தமிழிலும் 'காவலில் வைத்தல்' என்றால் பாதுகாத்தல் அன்று, அடைத்தல். அவ்வாறு அடைக்கப்பட்டு உயிரோடு திரும்பாதவர்களில் தமிழர் பலர் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குடும்பமும் அறிந்த துயரம்.

போலீசை ஆராய அமைந்த அரச ஆணையம் 2005-இல் அளித்த அறிக்கையில், புகார்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமுள்ள சுதந்திர அமைப்பு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பதிலாக 2023 ஜூலையில் செயலுக்கு வந்த போலீஸ் நடத்தை ஆணையமோ விசாரித்துச் சிபாரிசு செய்யலாமேயன்றித் தானே தண்டிக்க இயலாது. அந்தக் குறையை நீக்கிச் சட்டத்தைத் திருத்தும்படி, தாங்கள் வாக்களித்து அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களை வாசகர்கள் வற்புறுத்த வேண்டும்.